அஞ்சடியிலிருந்து மாமாக் மேசைக்கு

நாங்கள் நான்கு பேர் ஒரு மேசையில் சேர்ந்து உட்கார மூன்று வாரம் பிடித்தது. முதல் வாரம் ஒருத்தியின் மகளுக்கு டியூஷன். இரண்டாம் வாரம் இன்னொருத்தி வீட்டுக்குச் சிங்கப்பூரிலிருந்து மகன் வந்துவிட்டான். மூன்றாம் வாரம் என் முறை: பூனைக்கு ஊசி போட நாள் குறித்திருந்தது. ஒருவழியாக ஒரு சனிக்கிழமை இரவு எட்டரைக்கு, ஈப்போவில் தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் எங்கள் வழக்கமான மாமாக் கடையில் கூடினோம். தே தாரிக் வந்தது, ரொட்டி சானாய் வந்தது, பேச்சும் வந்தது. எழும்போது மணி பதினொன்றரை.

என் பாட்டியிடம் இதைச் சொல்லியிருந்தால், "பேசுறதுக்கா நாள் குறிக்கிறீங்க, கல்யாணமா பண்ணப் போறீங்க?" என்று கேட்டிருப்பார். பேச ஆள் வேண்டுமென்றால் அவர் செய்தது ஒன்றே ஒன்றுதான். வீட்டு முன்னால் உள்ள அஞ்சடியில் வந்து உட்கார்ந்துகொள்வார். வெற்றிலையை மடிப்பதற்குள் பக்கத்தில் இரண்டு பேர் சேர்ந்துவிடுவார்கள்.

நான் பிறந்தது சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில். பேராவுக்கும் ரப்பருக்கும் உறவு பழையது. 1877இல் குவாலா கங்சாரில் நட்ட கன்றுகளில் ஒன்று இன்றும் கிழட்டு மரமாக நிற்கிறது. வேலி கட்டிக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். அந்தச் சாதி மரத்தை நம்பித்தான் எங்கள் தாத்தா கப்பலேறி வந்தார். வந்தவருக்குக் கிடைத்தது நீள வரிசையில் ஒரு வீடு. லயத்து வீடுகளில் நடுச்சுவர் கூரை வரை போகாது. பாதியில் நின்றுவிடும். மேலே ஒரே கூரை, ஒரே காற்று. அடுத்த வீட்டில் கடுகு வெடித்தால் எங்கள் வீட்டில் தும்மல் வரும். மூன்றாவது வீட்டில் சண்டை வந்தால் தீர்ப்பு எங்கள் வீட்டிலிருந்து போகும்.

பொழுது விடியாமலே பிரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, கூப்பிட்டுவிடுவார்கள். வெயில் ஏறுமுன் சீவினால்தான் பால் நன்றாக ஓடும். அதனால் அம்மாவும் அப்பாவும் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு இருட்டிலேயே தங்கள் மர வரிசைக்கு, நிரைக்கு, போவார்கள். சின்னப் பிள்ளைகள் ஆயாக் கொட்டகைக்குப் போகும். பால் எடுத்து, ஸ்டோரில் நிறுத்துப் போட்டுவிட்டு வீடு திரும்ப மதியம் தாண்டிவிடும். அதற்குப் பிறகுதான் லயத்துக்கு உயிர் வரும். ரப்பர் கொட்டையைச் சிமெண்டுத் தரையில் பரபரவென்று தேய்த்து, சூடு ஏறியதும் பக்கத்தில் இருப்பவன் கையில் வைத்துச் சுடுவது எங்கள் விளையாட்டு. சுட்டவனும் சுடப்பட்டவனும் சாயங்காலம் ஒரே தட்டில் மரவள்ளிக் கிழங்கு தின்றுகொண்டிருப்பார்கள்.

சம்பள நாள் தனித் திருவிழா. ஆபீசுக்கு எதிரே துணிக்காரர் பாயை விரிப்பார். தலையில் தட்டு வைத்துக் கச்சான் பூத்தே விற்கும் அண்ணன் வருவார். வெள்ளைக் கடலை என்பதுதான் அந்த மலாய்ச் சொல்லுக்கு அர்த்தம். ஆனால் தட்டில் முறுக்கு, ஓமப்பொடி, வறுத்த பட்டாணி எல்லாம் இருக்கும். காகிதச் சுருளில் பத்துக் காசுக்கு வாங்கி, ஐந்து பேர் எண்ணிப் பங்கு போடுவோம். சில மாதங்களில் படக்காரர் வந்து திடலில் வெள்ளைத்துணி கட்டுவார். பாய் கொண்டுவந்தவர்கள் முன்னால். தாமதமாக வந்தவர்கள் துணிக்குப் பின்னால் உட்கார்ந்து, எம்.ஜி.ஆர். இடது கையால் வாள் வீசுவதைப் பார்ப்பார்கள். அதற்காக யாரும் எழுந்துபோனதில்லை.

டவுனுக்குப் போன அப்பா திரும்பி வரும்போது கையில் கோப்பி தொங்கும். பால் டின்னைக் காலி செய்து, மூடியில் கயிறு கோத்து, அதில் கொதிக்கக் கொதிக்க ஊற்றிக் கொடுப்பார் சீனக் கடைக்காரர். வீடு வருவதற்குள் ஆறியிருக்கும். நாங்கள் ஆளுக்கு ஒரு மடக்கு குடிப்போம். அதைவிட ருசியான கோப்பியை நான் இன்னும் குடிக்கவில்லை. அதற்குக் காரணம் கோப்பி இல்லை என்பதும் எனக்குத் தெரியும்.

இப்படியே எழுதிக்கொண்டு போனால் தோட்டம் சொர்க்கமாகிவிடும். அது சொர்க்கம் இல்லை. மழை பெய்தால் எங்களுக்குக் குஷி, அம்மா முகத்தில் மட்டும் கவலை. மரம் நனைந்தால் வேலை கிடையாது, வேலை இல்லாத நாளுக்குக் கூலியும் கிடையாது. அஞ்சடியில் ஆண்கள் அரட்டையடித்த நேரத்தில் பெண்கள் குழாயடியில் வரிசையில் நின்றார்கள். எந்த வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிக்கலாம், எந்த வீட்டில் கூடாது என்ற கணக்கைக் கப்பலில் வந்தவர்கள் கடலில் போட்டுவிட்டு வரவில்லை.

பாட்டி சொன்ன காலம் இன்னும் கொடியது. 1948 ஜூன் 16ஆம் தேதி சுங்கை சிப்புட்டில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார்களைக் கம்யூனிஸ்டுகள் சுட்டுக் கொன்றார்கள். அதையொட்டி வந்த அவசரகாலம் 1960 வரை நீடித்தது. முள்வேலி, ஊரடங்கு, வாசலில் சோதனை. காட்டில் இருப்பவர்களுக்குச் சோறு போய்ச் சேரக் கூடாது என்பதற்காக அரிசிக்குப் பங்கீடு வந்தது. வேலைக்குச் சாப்பாடு கட்டிக்கொண்டு போகப் பல இடங்களில் தடை இருந்தது. கடையில் டின் மீன் வாங்கினால் கடைக்காரரே அதில் ஓட்டை போட்டுக் கொடுப்பார். பதுக்கி வைக்க முடியாமல் அன்றைக்கே தின்று தீர்க்க வேண்டும். சோற்றுப் பொட்டலத்தைக் கட்டிக்கொண்டு போவதே குற்றமாக இருந்த மண் இது. இன்று நடுராத்திரியில் மாமாக் கடையில் நாசி கோரெங் கேட்கும்போது எனக்கு அந்த ஓட்டை டின் ஞாபகம் வரும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த வீடு எங்களுடையது இல்லை. வேலை போனால் வீடும் போகும். வீடு போனால் அஞ்சடியும், அதில் உட்கார்ந்த சினேகிதமும் போகும். 1950களில் பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்கத் தொடங்கியபோதுதான் இந்த உண்மை எல்லாருக்கும் உறைத்தது. சுங்கை சிப்புட்டிலேயே பிறந்த துன் வீ.தி. சம்பந்தன், தொழிலாளர்களிடமே பணம் திரட்டித் தோட்டங்களை வாங்க 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது அதனால்தான். ஆனால் எல்லாத் தோட்டமும் அதற்குள் வரவில்லை. பிறகு ரப்பரை அழித்துவிட்டு எண்ணெய்ப் பனை நட்டார்கள். பனைக்கு ரப்பர் அளவுக்கு ஆள் வேண்டாம். சில இடங்களில் மரமே வேண்டாம், வீடு கட்டினால் போதும் என்றார்கள். எங்கள் லயமும் ஒருநாள் காலியானது. சாமான்களோடு லாரியில் ஏறி நாங்கள் ஈப்போவுக்கு வந்தோம்.

ஈப்போ அப்போது ஈயம் படுத்துவிட்ட ஊர். 1985இல் ஈய விலை சரிந்த பிறகு இளையவர்கள் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் பிழைக்கப் போய்விட்டார்கள். 1988இல் மாநகர் என்ற தகுதி கிடைத்தபோதும் எட்டு மணிக்கெல்லாம் தெரு உறங்கிவிடும். இன்று சனி, ஞாயிறு வந்தால் பழைய டவுனில் நடக்க இடமில்லை. 1917இல் கட்டி முடித்த வெள்ளைக் குவிமாட ரயில் நிலையத்தில், 2010இல் ஓடத் தொடங்கிய மின்ரயில் கோலாலம்பூர்க்காரர்களைக் கூட்டம் கூட்டமாக இறக்கிவிடுகிறது. வந்தவர்கள் வெள்ளைக் கோப்பிக்கு வரிசை பிடிக்கிறார்கள். கொட்டையைச் சீனி சேர்க்காமல் செம்பனை மார்ஜரினில் மட்டும் வறுத்து, கட்டிப்பால் ஊற்றித் தருவது அது. சீனக் கடையில் தமிழ் முஸ்லிம்கள் பரிமாறும் சிவப்புக் கோழியும் சோறும் இங்கே இன்னொரு பெயர்போன சாப்பாடு. தின்றவர் திரும்பத் திரும்ப வருவதால் அதற்கு நாசி கஞ்சா என்று பெயர் விழுந்துவிட்டது; பெயரைத் தவிர அதில் கஞ்சா கிடையாது.

அப்பா கொண்டுவந்த டின் கோப்பி பிறகு பிளாஸ்டிக் பொட்டலமாகியது. அந்தப் பொட்டலமும் 2014இல் சுவரோவியமாகிவிட்டது. லித்துவேனியாவிலிருந்து வந்த எர்னஸ்ட் ஜகாரெவிச் என்ற ஓவியர் கயிறு கட்டிய கோப்பி ஓ பொட்டலங்களைப் பழைய டவுன் சுவரில் வரைந்து வைத்திருக்கிறார். பிள்ளைகள் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். நான் பார்க்கும்போதெல்லாம் ஆளுக்கு ஒரு மடக்குதான் நினைவுக்கு வரும்.

தலையில் தட்டோடு எங்கள் தோட்டத்துக்கு வந்த கச்சான் பூத்தே அண்ணன் எங்கிருந்து வந்தார் என்பது ஈப்போவுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. ஈப்போவின் புந்தோங்கில் அந்தத் தொழிலுக்கென்றே ஒரு கம்பம், அதாவது ஒரு குடியிருப்பு, இருக்கிறது. எட்டயபுரத்துப் பக்கமிருந்து வந்த குடும்பங்கள் அங்கே தலைமுறையாக மாவு பிசைந்து, எண்ணெய்ச் சட்டி வைத்துப் பிழைக்கிறார்கள். பாரதி பிறந்த ஊர்க்காரர்களின் முறுக்கு! இன்று தட்டுக்குப் பதிலாக வரிசையாகக் கடைகள். காரில் வந்து கிலோக் கணக்கில் வாங்கிப் போகிறார்கள். நானும் வாங்குகிறேன். எண்ணிப் பங்கு போட ஆள் இல்லாததால் பாதி நமத்துப் போகிறது.

இனி எங்கள் நால்வர் மேசைக்கு வருகிறேன். இரண்டு பேர் தமிழர், ஒருவர் மலாய்க்காரர், ஒருவர் சீனர். முப்பது வருடத்துக்கு முன் ஒரே அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். தோட்டத்தில் பள்ளிக்கூடம் தமிழ், கோயில் தமிழ், சண்டையும் தமிழ். மலாய்க்காரச் சினேகிதி எனக்குக் கிடைத்தது டவுனில்தான். சீனக் கோப்பிக்கடையில் பன்றி இருக்கும், அவர் வரமாட்டார். மாடு சமைக்கும் கடையில் எனக்கு மனம் ஒட்டாது. வெள்ளிக்கிழமை என்றால் இன்னொருத்திக்குச் சைவம். இத்தனை கணக்கையும் கூட்டிக் கழித்தால் மிஞ்சுவது மாமாக் கடை. அங்கே முட்டை போடாத ரொட்டியும் உண்டு, மீன் கறியும் உண்டு. "தங்காச்சி, இன்னைக்கு என்ன?" என்று கேட்கும் அண்ணனும் உண்டு. பெண்கள் நான்கு பேர் ராத்திரி பதினொன்றரை வரை கடையில் உட்கார்ந்து சிரிப்பது பாட்டி காலத்தில் நடக்கிற காரியமா? குழாயடி வரிசையில் நின்றவரின் பேத்தி நான். இந்த நாற்காலியை எந்த அஞ்சடிக்காகவும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

பூனைக்கு ஊசி என்றேன் அல்லவா? தோட்டத்தில் பூனைக்கு உத்தியோகம் இருந்தது. அரிசி மூட்டைக்கு வரும் எலியைப் பிடிக்க வேண்டும். சம்பளம் நெத்திலித் தலை. அது யார் வீட்டுப் பூனை என்று கேட்டால் பதில் வராது. பாதிச் சுவரில் ஏறி எந்த வீட்டிலும் குதிக்கும். அதன் வால் நுனி கொக்கி போல வளைந்திருக்கும். யாரோ கதவில் நசுக்கிவிட்டார்கள் என்பார் பாட்டி. அது பிறவியிலேயே வருவது, தென்கிழக்காசியா முழுக்க அப்படிப்பட்ட பூனைகள் உண்டு என்பது பின்னால் நான் தெரிந்துகொண்டது. ஆனால் தோட்டத்தில் வீட்டு விலங்கு என்றால் நாய்தான். லயத்தில் பல வீட்டு வாசலில் ஒன்று படுத்திருக்கும்.

டவுனில் தாமான் என்னும் வீடமைப்புப் பகுதிக்குக் குடிவந்தபோது நாய் சரிப்படவில்லை. பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மாவுக்கு அது சங்கடம். பூனைக்கு அந்தத் தடை இல்லை. முஸ்லிம்கள் பூனையை மடியில் வைத்துக் கொஞ்சுவார்கள். மூன்று இனம் கலந்து வாழும் தெருவில் யாரும் முகம் சுளிக்காத விலங்கு அதுதான். மைலோ நிறத்தில் இருந்ததால் எங்கள் பூனைக்கு மைலோ என்றே பெயர் வைத்தோம். அதற்கு மருத்துவர் உண்டு, அட்டை உண்டு, கருத்தடையும் ஆயிற்று. எலியைக் கண்டால் ஒதுங்கி வழிவிடும்.

அந்த வீட்டில் இரண்டு வருடம் இருந்தும் பக்கத்து வீட்டாரோடு எங்களுக்குத் தலையசைப்பு மட்டும்தான். இங்கே நடுச்சுவர் கூரை வரை போகிறது. ஒருநாள் அந்த அம்மா மதில் பக்கம் வந்து, "காக், உங்கள் கோமெல் இன்னும் சாப்பிட வரவில்லையே" என்று மலாயில் கேட்டார். எனக்குப் புரியவில்லை. அழகு என்று பொருள்படும் அந்தப் பெயரில் மைலோ அவர் வீட்டில் தினமும் இரண்டாவது காலைச் சாப்பாடு சாப்பிட்டு வந்தது அப்போதுதான் வெளிப்பட்டது. அன்று இருவரும் கேட்டடியில் நின்று வெகுநேரம் பேசினோம். அந்த நோன்புப் பெருநாளுக்கு ரெண்டாங் வந்தது. தீபாவளிக்கு முறுக்கு போனது. ரெண்டாங்கைக் கொடுக்கும்போது, "கோழிதான் காக், மாடு இல்லை" என்று அவரே முந்திக்கொண்டு சொன்னார்.

எங்கள் தோட்டத்தில் இன்று லயம் இல்லை. பனைமரங்களுக்கு நடுவே மாரியம்மன் கோயில் மட்டும் நிற்கிறது. வருடத்துக்கு ஒருமுறை திருவிழாவுக்குப் பழைய ஆட்கள் காரில் வந்து இறங்குவார்கள். மறுபடி யார் வீட்டிலும் யாரும் சாப்பிடலாம். மறுநாள் அவரவர் ஊர், அவரவர் கதவு. பழைய லயம் திரும்பி வர வேண்டும் என்று நான் கேட்க மாட்டேன். அங்கிருந்த குழாயடி வரிசையும் ஓட்டை டின்னும் ஒழிந்தது நல்லதே. நாம் அங்கே விட்டுவிட்டு வந்த நல்ல சாமான் ஒன்றே ஒன்று: சொல்லாமல் வருவது. அதற்குத் தோட்டம் வேண்டாம், ஒரே கூரையும் வேண்டாம்.

ஆகவே நம் சினேகிதர்களுக்கு ஒரு வார்த்தை. அடுத்த முறை எங்கள் தெருப் பக்கம் வந்தால் வாட்ஸ்அப்பில் கேட்டுக்கொண்டு நிற்காதீர்கள். நேரே உள்ளே வாருங்கள். கோப்பி கலக்கிக் குடிப்போம். கச்சான் பூத்தே இருக்கிறது, நமத்துப் போகுமுன் எண்ணிப் பங்கு போட ஆள் வேண்டும். நேரங்கெட்ட நேரமாயிற்றே என்று தயங்க வேண்டாம். மைலோ தினமும் அப்படித்தான் போய்வருகிறது. தெருவில் இதுவரை ஒருவரும் கோபித்துக்கொண்டதில்லை.