அலைக்கும் ஓர் அகராதி!



'சர்ஃபிங்' என்றதும் உங்களில் பாதிப் பேருக்கு இன்டர்நெட்தான் ஞாபகத்துக்கு வரும். தப்பில்லை. 1992-இல் ஜீன் ஆர்மர் பாலி என்ற அமெரிக்க நூலகர் 'சர்ஃபிங் தி இன்டர்நெட்' என்று ஒரு கட்டுரைக்குத் தலைப்பு வைத்தார். அந்தப் பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. ஆனால் நான் சொல்ல வந்தது உப்புத் தண்ணீர் சர்ஃபிங். பலகை மேல் ஏறி நின்று அலையில் சறுக்கி வருகிறார்களே, அது!

"மெக்கானிக்கல் படிக்கிறவனுக்கு இது எதுக்குப்பா?" என்று கேட்கிறீர்களா? காரணம் இருக்கிறது.

போன வருஷம் செமஸ்டர் முடிந்த மறுநாள் நாங்கள் எட்டுப் பேர் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு கடற்கரைக்குப் போனோம். ரெண்டு பக்கமும் அலை உடைந்துகொண்டிருந்தது. நடுவில் ஓர் இடம் மட்டும் அமைதியாக, குளம் மாதிரி இருந்தது. "இதாண்டா சேஃப்" என்று அங்கேயே இறங்கினோம். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. என் பெஞ்ச் நண்பன் எங்களை விட்டுத் தூரமாகப் போய்க்கொண்டிருந்தான். அவன் கரையைப் பார்த்துத்தான் நீந்துகிறான், ஆனால் பின்னாலேயே போகிறான்! நாங்கள் கத்தினோம். வேறு என்ன செய்யத் தெரியும்?

அப்போது பலகையோடு ஒரு மீனவப் பையன் பாய்ந்து போனான். "நேரா கரைக்கு நீந்தாத தம்பி! பலகையைப் புடி! சைடுல வா, சைடுல!" என்று கத்திக்கொண்டே போய், அவனைப் பலகையில் போட்டு, சுற்றி வளைத்துக் கரை சேர்த்தான். மூச்சு வாங்க உட்கார்ந்திருந்த எங்களிடம் அவன் சொன்னது ஒரே ஒரு வார்த்தை: "ரிப்பு!"

அந்த ஒரு வார்த்தை எங்களில் ஒருவனுக்காவது தெரிந்திருந்தால் நாங்கள் அந்த இடத்தில் கால் வைத்திருக்க மாட்டோம். அன்று முதல் சர்ஃபிங்காரர்களின் வார்த்தைகளைத் தேடிப்பிடிக்க ஆரம்பித்தேன். ஸ்டைலுக்காகப் பேசுகிறார்கள் என்று நினைத்திருந்தேன். இல்லை நண்பர்களே! நம் ஒர்க்‌ஷாப்பில் 'சக்', 'டூல் போஸ்ட்', 'டெயில் ஸ்டாக்' என்று சொல்வது போலத்தான் இதுவும். வேலைக்காகப் பிறந்த வார்த்தைகள். வாருங்கள், ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் கொஞ்சம் வரலாறு

சர்ஃபிங்கின் தாய்வீடு பசிபிக் கடலில் இருக்கும் ஹவாய்த் தீவுகள். அவர்கள் மொழியில் இதற்குப் பெயர் 'ஹெஎ நாலு'. நாலு என்றால் அலை. ஹெஎ என்றால் சறுக்குதல். அந்தக் காலத்திலேயே பலகைகளுக்குத் தனித்தனிப் பெயர் உண்டு. 'ஓலோ' என்பது தலைவர்களுக்கான மிக நீளமான பலகை. 'அலாயா' அதைவிடக் குட்டையானது, மெல்லியது. கேப்டன் குக்கின் கப்பல்களில் வந்த ஜேம்ஸ் கிங் என்ற அதிகாரி 1779-இல் ஹவாய் மக்கள் அலையில் சறுக்குவதைப் பார்த்து வியந்து எழுதி வைத்திருக்கிறார்.

இதை உலகத்துக்குக் கொண்டுபோனவர் டியூக் கஹானமோக்கு. 1912, 1920 ஒலிம்பிக்குகளில் 100 மீட்டர் நீச்சலில் தங்கம் வென்ற ஹவாய்க்காரர். ஆஸ்திரேலியாவுக்குப் போனபோது சிட்னி அருகே ஃப்ரெஷ்வாட்டர் கடற்கரையில் பலகை மேல் நின்று காட்டினார். கலிஃபோர்னியாவும் ஆஸ்திரேலியாவும் சேர்ந்ததும் வார்த்தைகள் பெருகின. 1959-இல் 'கிட்ஜெட்' என்ற ஹாலிவுட் படம் வர, கடலையே பார்க்காதவன்கூட அந்தப் பாஷையைப் பேச ஆரம்பித்தான்!

பலகையின் பாகங்கள்

நம்ம டிபார்ட்மென்ட் விஷயம், கவனியுங்கள். பலகையின் முன்முனை 'நோஸ்', பின்முனை 'டெயில்', நிற்கும் மேல்பரப்பு 'டெக்', ஓர விளிம்பு 'ரெயில்'. பக்கவாட்டில் பார்த்தால் வாழைப்பழம் போல லேசாக வளைந்திருக்கும். அந்த வளைவு 'ராக்கர்'. ஃபோம் பலகையின் நடுவில் நீளவாக்கில் ஓடும் மரப்பட்டை 'ஸ்ட்ரிங்கர்'. வளைந்து முறியாமல் பலம் கொடுப்பது அதன் வேலை. மேலே ஃபைபர்கிளாஸும் ரெசினும். எதிலாவது இடித்துப் பலகையில் விழும் காயம் 'டிங்'. அதை உடனே அடைக்காவிட்டால் உள்ளே தண்ணீர் ஏறிவிடும்.

அடியில் இருப்பது 'ஃபின்', அதாவது துடுப்பு. 1935-இல் டாம் பிளேக் என்ற அமெரிக்கர் முதன்முதலில் ஒரு ஃபின்னைப் பலகையில் பொருத்தினார். அதுவரை திருப்ப வேண்டுமென்றால் காலைத் தண்ணீரில் இழுக்க வேண்டும்! பிறகு 1981-இல் ஆஸ்திரேலியாவின் சைமன் ஆண்டர்சன் மூன்று ஃபின் வைத்த பலகையோடு வந்து பெல்ஸ் பீச் போட்டியில் ஜெயித்தார். அதற்குப் பெயர் 'த்ரஸ்டர்'. இன்றைக்கும் உலகத்தில் அதிகம் ஓடுவது அந்த டிசைன்தான்.

'லீஷ்' என்பது காலையும் பலகையையும் இணைக்கும் கயிறு. 1970-களின் தொடக்கத்தில் அது வந்தபோது பழைய ஆட்கள் 'கூக் கார்டு', அதாவது 'அரைகுறைகளின் கயிறு' என்று கிண்டல் செய்தார்கள். ஆரம்பத்தில் நன்றாக நீளும் ரப்பரில் செய்ததால் பலகை உண்டிவில் கல் போலத் திரும்பி வந்தது. குளிர்நீர் உடை தயாரிப்பில் புகழ்பெற்ற ஜாக் ஓ'நீல் 1971-இல் இப்படித்தான் ஒரு கண்ணை இழந்தார். டிசைனில் ஒரு மெட்டீரியலைத் தப்பாகத் தேர்ந்தெடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு வேறு உதாரணம் வேண்டுமா? பிறகு அதிகம் நீளாத யூரித்தேன் கயிறு வந்தது. இன்று லீஷ் இல்லாமல் கூட்டத்தில் இறங்கினால் மற்றவர்கள் திட்டுவார்கள். கழன்று ஓடும் பலகை அடுத்தவன் மண்டையைப் பதம் பார்க்குமே!

ஒருவரிடம் இருக்கும் மொத்தப் பலகைகளுக்கும் 'க்விவர்' என்று பெயர். அம்பறாத்தூணி என்று அர்த்தம். பெரிய அலைக்கான நீளப் பலகை 'கன்'.

அலையின் பாகங்கள்

தூரத்துப் புயலில் பிறந்து, பல நூறு கிலோமீட்டர் ஓடி வரும் ஒழுங்கான அலைவரிசை 'ஸ்வெல்'. இரண்டு முகடுகளுக்கு நடுவே எத்தனை விநாடி என்பது 'பீரியட்'. ஆழ்கடலில் அலைநீளம் கண்டுபிடிக்க எளிய கணக்கு ஒன்று: பீரியடை வர்க்கம் செய்து 1.56-ஆல் பெருக்குங்கள். 10 விநாடி அலைக்கு 156 மீட்டர். 15 விநாடி அலைக்கு 351 மீட்டர்! ஆகவே சர்ஃபிங்காரன் உயரத்தை மட்டும் கேட்பதில்லை, "பீரியட் எவ்வளவு?" என்றும் கேட்பான்.

அலை ஏன் உடைகிறது? ஆழம் குறையக் குறைய அடிப்பகுதி வேகம் இழக்கிறது, உச்சி முன்னால் சாய்கிறது. ஏறத்தாழ அலை உயரத்தைப் போல 1.3 மடங்கு ஆழம் வரும்போது கவிழ்ந்துவிடும். முதலில் உடையும் இடம் 'பீக்'. கவிழும் உதடு 'லிப்'. இன்னும் உடையாத சரிவு 'ஷோல்டர்'. உதடு வளைந்து விழும்போது உள்ளே உண்டாகும் குழாய் 'பேரல்' அல்லது 'ட்யூப்'. அதற்குள் புகுந்து வெளியே வருவதுதான் உச்சகட்ட ஆனந்தம். அந்த உள்ளறைக்கு 'கிரீன் ரூம்' என்றும் பெயர். (நம்ம கல்லூரி நாள் மேக்கப் ரூம் இல்லை!) ஹவாயில் 'பைப்லைன்' என்ற புகழ்பெற்ற இடம் உண்டு. 1961-இல் அந்தப் பெயர் வைத்தபோது பக்கத்தில் நிஜமாகவே குழாய் பதிக்கும் வேலை நடந்துகொண்டிருந்ததாம். சிவில் நண்பர்களே, காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளுங்கள்!

நீளம் முழுவதும் ஒரே சமயத்தில் 'தடால்' என்று விழும் அலை 'க்ளோஸ்-அவுட்'. சறுக்க வழியே இல்லை. அலைகள் ஒரே சீராக வருவதும் இல்லை. கூட்டமாகச் சில பெரிய அலைகள் வரும், அது 'செட்'. பிறகு கொஞ்ச நேரம் ஓய்வு, அது 'லல்'. சற்றே வேறுபட்ட அலைவரிசைகள் சேரும்போது இப்படி ஆகிறது. முதலாண்டு இயற்பியலில் ட்யூனிங் ஃபோர்க்கை வைத்து 'விம்மல்கள்' படித்தோமே, அதேதான்! ஆகையால் லல் நேரத்தில் கடலைப் பார்த்து "அலையே இல்லடா" என்று இறங்குவது ஆபத்து. செட் பின்னால் வந்துகொண்டிருக்கும்.

காற்றுக்கும் பெயர் உண்டு. நிலத்திலிருந்து கடலுக்கு வீசினால் 'ஆஃப்ஷோர்'. அலை முகத்தைத் தாங்கிப் பிடித்து அழகாக்கும். கடலிலிருந்து வீசினால் 'ஆன்ஷோர்', அலை கலைந்துபோகும். நம் முன்னோர் கீழ்க்காற்றைக் கொண்டல் என்றும் மேல்காற்றைக் கோடை என்றும் பிரித்தார்கள் அல்லவா? கிழக்குக் கரையில் நிற்பவனுக்குக் கோடைதான் ஆஃப்ஷோர், கொண்டல் ஆன்ஷோர். காற்றே இல்லாமல் தண்ணீர் கண்ணாடி போல இருந்தால் 'கிளாஸி'.

ஆட்களும் ஆட்டமும்

'க்ரோம்' அல்லது 'க்ராமெட்' என்றால் ஆர்வம் பொங்கும் சின்னப் பையன். நம்ம ஃபர்ஸ்ட் இயர். 'கூக்' என்றால் ஒன்றும் தெரியாமல் எல்லாம் தெரிந்த மாதிரி இறங்கி அடுத்தவனுக்கும் ஆபத்து உண்டாக்குபவன். பலகையின் மேல்பக்கம் பூச வேண்டிய மெழுகை அடிப்பக்கம் பூசுகிறவன்! (நம்மில் யாரும் இல்லையா? வெர்னியரில் ஜீரோ எரர் பார்க்காமல் ரீடிங் எழுதியவர்கள் கையைத் தூக்குங்கள்!) இடது காலை முன்னால் வைப்பவர் 'ரெகுலர்', வலது காலை வைப்பவர் 'கூஃபி'. இரண்டும் குற்றமில்லை.

படுத்த நிலையிலிருந்து துள்ளி எழுவது 'பாப்-அப்'. நீளப் பலகையின் முனைக்கு நடந்துபோய்ப் பத்துக் கால்விரல்களையும் வெளியே நீட்டுவது 'ஹேங் டென்'. மூக்குக் குத்தி மூழ்கினால் 'பெர்லிங்', முத்துக்குளிக்கிறானாம்! எதிர்வரும் அலைக்கு அடியில் பலகையோடு புகுந்து போவது 'டக் டைவ்', வாத்து முக்குளிப்பு. பெரிய பலகை என்றால் குப்புறக் கவிழ்ந்து தொங்க வேண்டும். அது 'டர்ட்டில் ரோல்', ஆமைக் குட்டிக்கரணம். விழுந்து வாரினால் 'வைப்-அவுட்'. (மூன்றாம் செமஸ்டர் ரிசல்ட் நினைவுக்கு வருகிறதா?) அலை அமுக்கி மேலே விடாமல் வைத்திருந்தால் 'ஹோல்டு-டவுன்'. எல்லாம் முடிந்து மனசு துள்ளினால் 'ஸ்டோக்டு'! கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் மட்டும் நீட்டிக் கையை ஆட்டுவது 'ஷாகா'. ஹவாயின் வணக்கம், நன்றி, 'எல்லாம் ஓகே' மூன்றும் அதில் அடக்கம்.

சட்டம் பேசும் வார்த்தைகள்

அலைக்காகக் காத்திருக்கும் இடம் 'லைன்-அப்'. அங்கே போலீஸ் இல்லை, போர்டு இல்லை. ஆனால் சட்டம் உண்டு: பீக்குக்கு மிக அருகில் இருப்பவருக்கே அலை. அவர் வரும் வழியில் குறுக்கே புகுவது 'டிராப்-இன்'. இதுதான் மகா பாவம்! ஏனென்றால் இரண்டு பலகை மோதினால் மண்டை உடையும். சுற்றிச் சுற்றி நீந்தி அடுத்தவன் முறையைத் திருடுவது 'ஸ்நேக்கிங்'. நம்ம கேன்டீன் க்யூவில் பின்கதவு வழியாக வருவானே, அவனேதான். தூரத்தில் செட் தெரிந்தால் முதலில் பார்த்தவர் "அவுட்சைட்!" என்று கூவுவார். அந்த ஒரு சொல் கேட்டதும் அத்தனை பேரும் உஷார். இரைச்சலில் நீண்ட வாக்கியம் எடுபடாது. அதனால்தான் இந்த அகராதியில் எல்லாமே குட்டிச் சொற்கள்!

இப்போது அந்த ஒரு வார்த்தை

'ரிப்'. அலைகள் கரையில் கொண்டுவந்து குவிக்கும் தண்ணீர் எங்காவது திரும்பிப் போக வேண்டுமே! மணல்மேட்டில் இடைவெளி உள்ள இடம் பார்த்து, ஓர் ஆறு போல அது கடலுக்குள் ஓடும். அந்த வாய்க்கால் ஆழமாக இருப்பதால் அலை அங்கே அதிகம் உடையாது. மேலே பார்க்க அமைதி! நாங்கள் 'சேஃப்' என்று நினைத்த இடம் அதுதான். வேகமான ரிப் விநாடிக்கு 2.5 மீட்டர் வரை ஓடும். ஒலிம்பிக் வீரரே 50 மீட்டர் கடக்க ஏறத்தாழ 21 விநாடி எடுக்கிறார். கணக்குப் போட்டுப் பாருங்கள். அவராலேயே எதிர்நீச்சல் போட முடியாது. நாம் எம்மாத்திரம்?

தெரிந்துகொள்ளுங்கள்: ரிப் உங்களைக் கீழே இழுக்காது, உள்ளேதான் கொண்டுபோகும். ஆகவே பதறாதீர்கள். கரையைப் பார்த்து நீந்தாதீர்கள். மிதந்து மூச்சை மிச்சப்படுத்துங்கள், கையை உயர்த்தி உதவி கேளுங்கள். முடிந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, அலை உடையும் இடம் வந்ததும் அதோடு கரை திரும்புங்கள். கரையில் நிற்பவர் பின்னாலேயே குதிக்காதீர்கள். மிதக்கும் பொருள் எதையாவது வீசுங்கள், ஆள் கூப்பிடுங்கள்.

வேடிக்கை என்ன தெரியுமா? அதே ரிப்பைச் சர்ஃபிங்காரர்கள் 'லிஃப்ட்' மாதிரி உபயோகிக்கிறார்கள். கை வலிக்காமல் லைன்-அப்புக்குப் போய்ச் சேர அதில் ஏறிக்கொள்வார்கள். பெயர் தெரிந்தவனுக்கு அது வாகனம், தெரியாதவனுக்கு எமன்!

கோவளத்தில் மீனவ இளைஞர்கள் சர்ஃபிங் சொல்லிக்கொடுக்கிறார்கள். 2025 ஆகஸ்டில் ஆசிய சர்ஃபிங் போட்டியே மாமல்லபுரத்தில் நடந்தது. ஆகவே இந்தப் பாஷை இனி நமக்கும் அந்நியமில்லை.

அன்று அந்தப் பையனுக்கு நாங்கள் காசு கொடுக்கப் பார்த்தோம். வாங்கவில்லை. "அடுத்த தடவை வந்தா எறங்கறதுக்கு முன்னாடி பத்து நிமிஷம் கடலைப் பாருங்கண்ணா. அது போதும்" என்றான். என் நண்பன் ஒன்றும் பேசாமல் அவன் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

இந்த மலரைப் படித்துவிட்டு டூர் கிளம்பும் தோழர்களே! மற்ற வார்த்தைகளை மறந்தாலும் பரவாயில்லை. 'ரிப்' என்ற ஒன்றை மட்டும் உங்கள் பஸ்ஸில் இருக்கும் எல்லோருக்கும் சொல்லிவிட்டு இறக்குங்கள். எத்தனை பேர் போனீர்களோ, அத்தனை பேரும் திரும்பி வர வேண்டும்!

— மூன்றாம் ஆண்டு மெக்கானிக்கல் மாணவன்