பழைய இரட்டைக்குழல் துப்பாக்கி வாங்கப் போறீங்களா? எதையெல்லாம் பார்க்கணும்?

நூறு வருஷத்துக்கு முன் பர்மிங்காமில் செய்த 12 போர் இரட்டைக்குழல் துப்பாக்கி. வால்நட் கட்டை, பக்கத் தகட்டில் பூ வேலைப்பாடு, குழல் மேல் பழைய கல்கத்தா கடையின் பெயர். கையில் எடுத்தால் கீழே வைக்க மனசு வராது. ஆனால் இந்தியாவில் இதைச் சேகரிக்க நினைப்பவர் முதலில் பார்க்க வேண்டியது கலெக்டரை. கமிஷனரேட் நகரம் என்றால் போலீஸ் கமிஷனரை.

காரணம், ஓர் எண்: 2. ஒருவர் 3 துப்பாக்கி வரை வைத்திருக்கலாம் என்றிருந்ததை, 2019 டிசம்பரில் அமலுக்கு வந்த ஆயுதச் சட்டத் திருத்தம் 2 ஆகக் குறைத்தது. மசோதாவில் முதலில் இருந்தது 1. எதிர்ப்பு வந்த பிறகுதான் 2 ஆனது. தாத்தாவிடமிருந்து வந்த துப்பாக்கியும் இதே கணக்கில்தான் சேரும். அதாவது, ஒன்றைத் தப்பாக வாங்கினால் உங்கள் ஒதுக்கீட்டில் பாதி காலி.

"ஆன்ட்டிக்தானே, லைசென்ஸ் எதுக்கு?" என்று விற்பவர் சொல்லலாம். நம்பாதீர்கள். சட்டத்தின் 45-ஆவது பிரிவு விலக்கு தருவது, பழுது பார்த்தாலும் சுட முடியாத பழைய ஆயுதத்துக்கு மட்டும்தான். கடையில் விற்கும் தோட்டாவைப் போட்டுச் சுட முடிகிற துப்பாக்கிக்கு வயது 100 ஆனாலும் லைசென்ஸ் வேண்டும்.

சரி, துப்பாக்கிக்கு வருவோம். முதலில் திறந்து, இரண்டு அறைகளும் காலியா என்று பாருங்கள். பிறகு குழல்களைக் கழற்றி, அடிப்பக்கத்தில் தோட்டா அறைக்குக் கீழே உள்ள தட்டையான இடத்தைப் பாருங்கள். மேலே இருக்கும் கடைப் பெயரைவிட இங்கே குத்தியிருக்கும் சின்ன முத்திரைகள்தான் முக்கியம். பிரிட்டனில் ஒவ்வொரு குழலையும் அளவுக்கு மீறிய அழுத்தத்தில் சுட்டுப் பார்த்த பிறகே முத்திரை குத்துவார்கள். கிரீடத்துக்குக் கீழே 'என்பி' என்று இருந்தால் நைட்ரோ, அதாவது புகையில்லா வெடிமருந்துக்குச் சோதித்தது. அது இல்லையென்றால் கருமருந்துக்கு மட்டுமே சோதித்ததாக இருக்கலாம். குழலில் சுருள் சுருளாக வரி ஓடினால் அது டமாஸ்கஸ்: இரும்பு, எஃகுப் பட்டைகளை முறுக்கிச் சுற்றிப் பற்றவைத்தது. பார்க்க அழகு. உள்ளே துரு எங்கே தின்றிருக்கிறது என்பது வெளியே தெரியாது. நைட்ரோ முத்திரை இல்லாத டமாஸ்கஸில் இன்றைய தோட்டாவைப் போடுவது இடது கையைப் பணயம் வைப்பது மாதிரி.

இன்னொரு பொறி, அறையின் நீளம். பல பழைய துப்பாக்கிகளில் அறை 65 மி.மீ. தோட்டாவுக்கானது, இன்று பரவலாகக் கிடைப்பது 70 மி.மீ. அந்த அளவு சுட்ட பிறகு விரியும் நீளம். சுடாத தோட்டா முனை மடிந்து குட்டையாக இருப்பதால் பழைய அறையிலும் அழகாக நுழைந்துவிடும். சுடும்போது மடிப்பு விரிய இடமில்லாமல் அழுத்தம் எகிறும். நுழையுது என்பதால் பொருந்துது என்று அர்த்தமில்லை.

குழல்களைக் கொக்கியில் தொங்கவிட்டு விரல் முட்டியால் தட்டுங்கள். மணி மாதிரி ஒலித்தால் நல்லது. 'டொக்' என்றால் இரு குழல்களுக்கு நடுவிலுள்ள பட்டை விட்டிருக்கலாம். வெளிச்சத்தை நோக்கிப் பிடித்து உள்ளே பாருங்கள்: புள்ளிகள் துரு, நிழல் வளைந்தால் நசுங்கல். முன்கட்டையை எடுத்துவிட்டு, மூடிய நிலையில் ஆட்டுங்கள். மூட்டு ஆடினால் தேய்மானம். சரிசெய்யலாம், ஆனால் செலவு.

வரிசை எண்ணை விட்டுடாதீங்க. குழல், உடல், முன்கட்டை மூன்றிலும் ஒரே எண் இருக்கணும், விற்பவரின் லைசென்ஸிலும் அதே எண் இருக்கணும். ஓர் இலக்கம் மாறியிருந்தாலும் அதை அவர் திருத்தி வாங்கும்வரை முன்பணம் கொடுக்காதீர்கள்.

விற்பவர் தனிநபர் என்றால், மாவட்ட நிர்வாகத்துக்கோ காவல் நிலையத்துக்கோ எழுத்தில் தெரிவித்து 45 நாள் கழித்துத்தான் கைமாற்ற முடியும். அந்த இடைவெளியில், லைசென்ஸ் உள்ள பழுதுபார்ப்பவரிடம் அவரையே எடுத்துப் போகச் சொல்லி, குழல் சுவரின் தடிமனை அளக்கச் சொல்லுங்கள். அந்தச் செலவு உங்களுடையதாகவே இருக்கட்டும்.