மலை ஏறியதும் மக்கர் செய்யும் விசைத்தெளிப்பான்

போடிநாயக்கனூர் பட்டறையில் ஒரே இழுப்பில் கிளம்பிய விசைத்தெளிப்பான், போடிமெட்டைத் தாண்டி ஏலத் தோட்டத்தில் இறக்கியதும் புகை கக்கி நின்றுவிடுவது உண்டு. ஆள் கூலி ஏறிக்கொண்டிருக்கும். டிரம்மில் மருந்து கலக்கி வைத்தாயிற்று. மழை மேகமும் திரள்கிறது. சரத்தில் இலைப்பேன் கண்ட சமயத்தில் ஒரு தெளிப்பு தவறினால் காயில் சொறி விழும். சொறிக்காய்க்குப் போடி ஏல மையத்தில் என்ன விலை கிடைக்கும் என்பது தோட்டக்காரர்களுக்குத் தெரியும். மெக்கானிக்கைத் தேடி 17 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கி ஏறுவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். ஆகவே இந்த டூ ஸ்ட்ரோக் என்ஜினின் குணத்தை விவசாயிகள் தாமே அறிந்து வைப்பது நல்லது.

உயரம் செய்யும் வேலை

போடி நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,100 அடி உயரத்தில் உள்ளது. போடிமெட்டு ஏறத்தாழ 4,500 அடி. மேலே போகப் போகக் காற்று மெலிகிறது. இந்த உயர வித்தியாசத்துக்குப் பத்தில் ஒரு பங்கு அடர்த்தி குறைந்துவிடும். கார்புரேட்டருக்கு இது தெரியாது. கீழே திருகி வைத்த கணக்குப்படியே பெட்ரோலை விட்டுக்கொண்டிருக்கும். பெட்ரோல் மிஞ்சி, காற்றுப் போதாமல், என்ஜின் திணறி விட்டு விட்டுச் சத்தம் போடும். பிளக் கறுத்து ஈரமாகும். பழைய ராஜ்தூத், யெஸ்டி ஓட்டியவர்களுக்கு இந்தச் சங்கதி புதிதல்ல.

எனவே பெட்ரோல் திருகைச் சரிசெய்ய வேண்டிய இடம் தோட்டமே, பட்டறை அல்ல. என்ஜினைச் சில நிமிடம் ஓட்டிச் சூடேறிய பிறகு, திருகைக் கால் சுற்றுக்கும் குறைவாகச் சிறிது சிறிதாக உள்ளே திருப்பி, முழு வேகத்தில் சத்தம் சீராகும் இடத்தில் நிறுத்த வேண்டும். இன்னும் வேகம் கிடைக்கிறதே என்று மேலும் இறுக்கினால், பெட்ரோலும் அதனுடன் வரும் ஆயிலும் குறைந்து பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். லேசாகப் புகை போவதே பத்திரம். திருகு இல்லாத பழைய மாடல்களில், உள்ளே இருக்கும் ஊசியின் கிளிப்பை ஒரு பள்ளம் மேலே மாற்றும்படி மெக்கானிக்கிடம் சொல்லலாம். இப்படி மலைக்குச் சரிசெய்த மெஷினைக் கீழே மாந்தோப்புக்கு இறக்கும்போது, மறக்காமல் பழைய அளவுக்குத் திருப்ப வேண்டும். பலர் தவறுவது இங்கேதான்.

மலைப்பனியிலும் மருந்துச் சாரலிலும் நனைந்த ஏர் பில்டரும் இதே கோளாறைக் கொடுக்கும். திருகைத் தொடும் முன் பில்டரைப் பார்க்க வேண்டும். பஞ்சு பில்டரைச் சோப்பு நீரில் அலசி, நன்றாக உலர்த்திப் போட்டாலே பாதி மெஷின்கள் சரியாகிவிடும்.

பிளக்கைக் கழற்றிப் பார்த்தால்

கயிற்றை இழுத்து இழுத்துக் கை ஓய்வதைவிடப் பிளக்கைக் கழற்றிப் பார்ப்பது மேல். நனைந்திருந்தால் பெட்ரோல் மிஞ்சிவிட்டது. பெட்ரோல் குழாயை மூடி, சோக்கை விலக்கி, பிளக் இல்லாமல் ஐந்தாறு முறை இழுத்து வெளியேற்றி, பிளக்கைத் துடைத்துப் போட வேண்டும். காய்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை என்று பொருள். டாங்கினுள் உள்ள வடிகட்டி, குழாய், ஜெட் ஆகியவற்றைச் சுத்தம் செய்யலாம். மருந்து பட்ட கையோடு ஜெட்டை வாயில் வைத்து ஊதுவது கூடவே கூடாது.

பத்து நிமிடம் ஓடி நின்று, ஆறிய பின் மறுபடி கிளம்பும் மெஷின்தான் பொல்லாதது. நின்றவுடன் டாங்க் மூடியைத் தளர்த்திப் பார்க்க வேண்டும். அதன் பிறகு ஓடினால், மூடியிலுள்ள காற்றுத் துளை அடைத்திருக்கிறது. ஊசியால் குத்தி விட்டால் போதும். அப்படியும் ஓடாவிட்டால், சிந்திய பெட்ரோலைத் துடைத்துவிட்டுப் பிளக்கை சிலிண்டர் உடலில் தொடவைத்துக் கயிற்றை இழுத்துப் பார்க்கலாம். சூட்டில் பொறி வராமல், ஆறியதும் வந்தால் காயில் போய்விட்டது. அதற்குத் தோட்டத்தில் வைத்தியம் இல்லை.

பெட்ரோலில் தண்ணீர்

இப்போது பங்குகளில் கிடைப்பது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும். மழைக்காலத்தில் பாதி டாங்கோடு கொட்டகையில் கிடந்தால், எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து அடியில் தங்கிவிடும். குழாய் உறிஞ்சுவதும் அடியிலிருந்துதான். பழைய பெட்ரோலைக் கண்ணாடி பாட்டிலில் ஊற்றிச் சிறிது நேரம் வைத்தால், அடியில் தனிப்படலம் தெரிகிறதா என்று பார்த்துவிடலாம். தெரிந்தால் அந்தப் பெட்ரோலை மெஷினில் விடக்கூடாது. பழைய மெஷின்களின் ரப்பர் குழாயும் இதனால் ஊறிக் கெடுகிறது.

ஆயில் கலப்பு மெஷினுக்கு மெஷின் மாறும். 25க்கு 1 என்றால் லிட்டருக்கு 40 மி.லி.; 50க்கு 1 என்றால் 20 மி.லி. டூ ஸ்ட்ரோக்குக்கு உரிய ஆயிலையே சேர்க்க வேண்டும். ஜீப்புக்கு வாங்கியதில் மிச்சம் ஆகாது. டாங்கில் நேராக ஊற்றாமல், தனிக் கேனில் குலுக்கிக் கலந்து, என்ஜின் ஆறிய பின் ஊற்ற வேண்டும். வேலை முடிந்ததும் டாங்கைக் காலி செய்து, கார்புரேட்டரில் மிஞ்சியது தீரும்வரை ஓடவிட்டுப் பிறகு உள்ளே வைக்கலாம்.