நரம்பும் ஜீவசத்தும்

என் சித்தப்பா சென்ற ஆவணியில் ஒரு நாள், பால் வாங்கிக்கொண்டு திரும்பும் வழியில், இடது காற்செருப்பு தெருமுனையிலேயே கழன்று கிடக்க, அது கழன்றதே தெரியாமல் வீட்டு வாசல் வரையில் நடந்து வந்துவிட்டார். பாதம் எரிகிறது, பஞ்சின் மேல் நடப்பது போலிருக்கிறது, இரவில் எறும்பு ஊர்கிறது என்று ஓராண்டாகவே சொல்லி வந்தவர்தாம். ஆயினும் நாள் தவறாமல் ‘நரம்பு மாத்திரை’ சாப்பிட்டு வருகிறோமே என்கிற தைரியத்தில், இந்த உபாதைக்கு மூலகாரணம் என்னவென்று விசாரிக்க வேண்டுமென்பது அவருக்கும் தோன்றவில்லை, கேட்டபோதெல்லாம் மாத்திரையை எடுத்து நீட்டிய மருந்துக் கடைக்காரருக்கும் தோன்றவில்லை.

சத்து மாத்திரை என்று பெயர் வைத்துவிட்டால் அது மருந்தின் கணக்கிலிருந்து நீங்கி உணவின் கணக்கில் சேர்ந்துவிடுகிறது. அதனாலேயே நம்மவர் அதைத் தமக்குத் தாமே விதித்துக்கொள்ளவும், அண்டை வீட்டாருக்கு உபகாரமாக இரண்டு அட்டை கொடுத்தனுப்பவும் கூசுவதில்லை. இந்த நம்பிக்கை முற்றிலும் ஆதாரமற்றது என்று சொல்லிவிடவும் முடியாது. ஏனெனில், ஜீவசத்து என்ற ஒன்று உண்டென்பதை உலகம் அறிந்துகொண்டதே நரம்பு நோயின் வாயிலாகத்தான். ஜாவாத் தீவின் பட்டாவியாவில், 1890-களில், ஐக்மன் என்ற டச்சு வைத்தியர் வளர்த்த கோழிகள், ராணுவ ஆஸ்பத்திரிச் சமையலறையிலிருந்து வந்த தீட்டிய அரிசிச் சோற்றைத் தின்று கால் தளர்ந்து விழுந்தன. புதிதாக வந்த சமையற்காரர், ராணுவத்தின் சோற்றைச் சிவிலியன் கோழிகளுக்குக் கொடுப்பதாவது என்று மறுத்துவிடவே, தீட்டாத அரிசிக்கு மாறிய அந்தக் கோழிகள் தாமாகவே எழுந்து நடந்தன. ஒரு சமையற்காரரின் கண்டிப்பு வைத்திய சாஸ்திரத்துக்குச் செய்த உதவியை எண்ணி நான் பலமுறை சிரித்ததுண்டு. தவிட்டோடு போன அந்தப் பொருள்தான் பின்னாளில் தயாமின், அதாவது பி-1 என்று பெயர் பெற்றது. ஐக்மனுக்கு 1929-இல் நோபல் பரிசும் கிடைத்தது. நம்முடைய குன்னூரிலும், பாஸ்டர் நிலையத்தில் ஓர் அறையில், 1918-இல் மெக்காரிசன் என்ற வைத்தியர், இதே சத்துக் குறைவினால் வரும் பெரிபெரி என்ற நோயைக் குறித்துத் தொடங்கிய ஆராய்ச்சிதான் வளர்ந்து இன்று ஹைதராபாத்தில் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகிறது.

ஆனால் அந்தக் கோழிகள் எழுந்து நடந்தது, அவற்றிடம் எது குறைந்திருந்ததோ அது கொடுக்கப்பட்டதனால் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். குறைவில்லாத நரம்புக்கு அதே சத்தை எவ்வளவு ஊட்டினாலும் அது மேலும் பலம் கொள்ளப்போவதில்லை. பாத எரிச்சலுக்கும் மதமதப்புக்கும் சர்க்கரை நோயே பெரும்பாலும் காரணம்; மது, தைராய்டு குறைவு, சிறுநீரகக் கோளாறு, குஷ்டம், சில புற்றுநோய் மருந்துகள், முதுகெலும்பில் நரம்பு நசுங்குதல் என்று வேறு காரணங்களும் அநேகம். இவற்றையெல்லாம் ஒரே சிவப்பு மாத்திரை தீர்க்கும் என்று எதிர்பார்ப்பது, வீட்டில் எந்த ஓடு உடைந்திருக்கிறது என்று பாராமல் கூரை முழுதும் சாந்து பூசுவதைப் போன்றது.

குறைவினால் வரும் நரம்பு நோய்களில் இன்று நம்மிடையே முக்கியமானது பி-12 குறைவு. நாளொன்றுக்கு ஏறக்குறைய இரண்டு மைக்ரோகிராம், அதாவது ஒரு கிராமைப் பத்து லட்சம் கூறாக்கினால் அதில் இரண்டு கூறு, நமக்குப் போதும். ஆயினும் தாவர உணவில் அது இல்லை. பாலிலும் தயிரிலும் ஓரளவு உண்டு, முட்டை, மீன், மாமிசத்தில் உண்டு. கல்லீரல் சில ஆண்டுகளுக்கு வேண்டிய இருப்பைச் சேமித்து வைத்திருப்பதால், குறைவு தொடங்கிய காலத்துக்கும் கால் மரத்துப்போகும் காலத்துக்கும் இடையே நெடுங்காலம் சென்றுவிடுகிறது. சர்க்கரைக்காக மெட்பார்மினையும், நெஞ்செரிச்சலுக்காக அமிலத்தை அடக்கும் மாத்திரையையும் ஆண்டுக்கணக்கில் சாப்பிடுகிறவர்களுக்கு, உண்ட பி-12 உடலில் சேர்வதும் குறைந்துபோகிறது. இத்தகையோர் போலிக் அமிலத்தை மட்டும் தாமாக வாங்கிச் சாப்பிட்டால் விபரீதம் நேரும். ரத்தசோகை சீராகி முகம் தெளிவடைய, தண்டுவடத்தின் சேதமோ உள்ளே தொடர்ந்துகொண்டிருக்கும். பி-12 அளவுக்கு மீறினாலும் பெரும்பாலும் சிறுநீரோடு போய்விடுவது என்பதனால் அதைக் குறித்து அதிகம் அஞ்ச வேண்டியதில்லை. எனினும், ரத்தத்தில் அதன் அளவைப் பரிசோதிப்பதானால் மாத்திரையைத் தொடங்குவதற்கு முன் பரிசோதிக்க வேண்டும். தொடங்கிய பின் பார்த்தால் மாத்திரையின் அளவுதான் தெரியுமே தவிர, மனிதரின் குறைவு தெரியாது.

அஞ்ச வேண்டியது, அதே மாத்திரையில் அடக்கமாக ஒட்டிக்கொண்டிருக்கும் பி-6 என்ற பைரிடாக்ஸினைக் குறித்துத்தான். இதனுடைய சரித்திரம் விசித்திரமானது. க்ஷயரோகத்துக்கு 1952-இல் வந்த ஐசோநயாசிட் என்ற அருமருந்து, உடலிலுள்ள பி-6-இன் செயலைக் கெடுத்துக் கால் எரிச்சலை உண்டாக்கியது. சென்னைச் சேத்துப்பட்டில் 1956-இல் தொடங்கப்பட்ட க்ஷயரோகச் சிகிச்சை ஆராய்ச்சி நிலையத்தார், அந்த எரிச்சலைத் தடுக்க நாளொன்றுக்கு 6 மில்லிகிராம் பைரிடாக்ஸினே போதுமானது என்று 1963-இல் எடுத்துக்காட்டினார்கள். ஆறு மில்லிகிராம் ஒரு நரம்பைக் காக்கிறதென்றால் அறுநூறு நூறு மடங்கு காக்கும் என்று கணக்குப் போடுகிறவர்கள் எந்நாட்டிலும் உண்டல்லவா? நாளொன்றுக்கு 2 முதல் 6 கிராம் வரையில் மாதக்கணக்காக இதை விழுங்கிய ஏழு பேர், காலை எங்கே வைக்கிறோம் என்று தெரியாமல் தள்ளாடத் தொடங்கிய செய்தியை 1983-இல் அமெரிக்க வைத்தியர்கள் வெளியிட்டார்கள். எந்தச் சத்தின் குறைவு பாதத்தை எரிக்குமோ, அதே சத்தின் மிகையும் பாதத்தை மரக்கச் செய்கிறது. நோயாளியோ, எரிச்சல் கூடிற்றென்று மாத்திரையையும் கூட்டுகிறார். பிற்காலத்தில், இதைவிட எவ்வளவோ குறைந்த அளவிலேயே, நெடுநாள் சாப்பிட்டவர்களிடம் இந்தச் சேதம் காணப்பட்டது. நமக்கு அன்றாடம் வேண்டியது சுமார் 2 மில்லிகிராம்தான். மேல்வரம்பாக அமெரிக்கர் 100 மில்லிகிராமை வைத்திருக்க, ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023-இல் அதை 12 மில்லிகிராமாகக் குறித்தது. வைத்தியர் ஒரு காரணத்தோடு, ஒரு காலவரையறையோடு அதிகம் கொடுப்பது வேறு. நாமே வரம்பில்லாமல் தொடர்வது வேறு.

சித்தப்பாவின் பழைய பிஸ்கட் டின்னைத் திறந்து பார்த்தபோதுதான் எனக்கு இது உறைத்தது. மருந்துக் கடை அட்டை ஒன்று. முழங்கால் வலிக்கென்று வாங்கிய வேறொரு அட்டை. அமெரிக்காவிலிருந்து மகள் அன்போடு அனுப்பிய பெரிய புட்டி ஒன்று. பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு, பொடி எழுத்தில் ‘பைரிடாக்ஸின் ஹைட்ரோகுளோரைடு’ என்றிருந்த இடங்களையெல்லாம் தேடிக் கூட்டினோம்: 3, 10, 100. “ஏண்டா, சத்து மாத்திரைகூடவா காலைக் கெடுக்கும்?” என்று அவர் கேட்டது எனக்கு இன்னும் காதில் நிற்கிறது. பெயர்கள் வெவ்வேறாக இருந்தாலும் உள்ளே இருப்பது ஒன்றேயாக இருக்கக்கூடும் என்பதனால், வைத்தியரிடம் போகும்போது சீட்டை மாத்திரமன்றி இந்த டின்னையே எடுத்துப் போவது உசிதம்.

அதே பொடி எழுத்தில் பயோட்டின் என்றிருந்தால், தைராய்டு பரிசோதனைக்கு முன்பே அதைச் சொல்லிவிட வேண்டும். அது ரத்தப் பரிசோதனையின் எண்களைப் பொய்யாக்கிவிடும். வாரத்துக்கு ஒன்றென்று கொடுத்த 60,000 யூனிட் வைட்டமின் டி-யை நாளுக்கொன்றாகச் சாப்பிட்டு, ரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து ஏறி, ஓயாத வாந்தியும் தாகமுமாக ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களும் உண்டு. கால் திடீரென்று பலமிழந்தாலும், சிறுநீர் அடங்காமற் போனாலும், உணர்ச்சியற்ற பாதத்தில் புண் கண்டாலும் அது மாத்திரைக்குக் காத்திருக்கும் சமாசாரமன்று. அன்றே வைத்தியரைப் பார்க்க வேண்டும்.

சித்தப்பாவை வைத்தியர் இசைக்கவையைக் கணுக்காலில் வைத்தும், நைலான் இழையால் பாதத்தைத் தொட்டும் பரிசோதித்தார். ரத்தத்தில் பி-12 போதுமான அளவு இருந்தது. ஆனால் அது அவருடையதா, புட்டியினுடையதா என்று சொல்வதற்கில்லை. எட்டு ஆண்டுச் சர்க்கரையின் பங்கு எவ்வளவு, ஓராண்டுப் பைரிடாக்ஸினின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்லவும் தம்மால் இயலாது என்று அந்த வைத்தியர் ஒளிக்காமல் ஒப்புக்கொண்டது எனக்குப் பிடித்திருந்தது. சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்து, புட்டியை நிறுத்தச் சொன்னார். நிறுத்திய பிறகும் சில வாரம் உபாதை அதிகமாகக் கூடும் என்றும், நரம்பு வளர்வதானாலும் நாளுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்தான் வளரும் என்றும் எச்சரித்தார். இப்பொழுது ஏழு மாதமாகிறது. புட்டியைச் சித்தி கழுவிக் காயவைத்து வெந்தயம் போட்டு வைத்திருக்கிறாள். எரிச்சல் பாதியாகக் குறைந்து சித்தப்பா இரவில் உறங்குகிறார். செருப்பு மட்டும் எப்போதாவது கழன்றுகொள்கிறது, ஆனால் நாலடி போவதற்குள் தெரிந்துவிடுகிறதாம்.