இழுவிசையை உணரும் டி செல்கள்: ஜாதவ்பூர் ஆய்வு கண்டறிந்தது என்ன?

கொல்கத்தா: நோய்க்கிருமியின் அடையாளத்தை அறிவதோடு நோய் எதிர்ப்பு செல்லின் வேலை முடிந்துவிடுவதில்லை. அந்த அடையாளத்தைப் பற்றி இழுக்கும்போது ஏற்படும் விசையையும் அது உணர வேண்டியிருக்கிறது. மனித டி செல்களில் இந்த உணர்வுக்குக் காரணமான புரதம் ஒன்றை, கொல்கத்தாவின் ஜாதவ்பூரில் உள்ள இந்திய வேதி உயிரியல் நிறுவனத்தின் ஆய்வுக் குழு அடையாளம் கண்டது. மருத்துவரும் நோய் எதிர்ப்பியல் ஆய்வாளருமான தீப்யமான் கங்குலி தலைமையிலான இந்த ஆய்வு, 2018-ஆம் ஆண்டு 'ஜர்னல் ஆஃப் இம்யூனாலஜி' இதழில் வெளியானது.

டி செல்லின் பணி

டி செல்கள் வெள்ளை அணுக்களில் ஒரு வகை. மார்பெலும்புக்குப் பின்னால் உள்ள தைமஸ் சுரப்பியில் இவை முதிர்ச்சி பெறுகின்றன. உடலின் செல்கள் தமக்குள் இருக்கும் புரதங்களின் சிறு துண்டுகளைத் தம் மேற்பரப்பில் ஏந்தி நிற்கும். டி செல் தன் ஏற்பியால் அவற்றைத் தொட்டுப் பார்த்து, அந்நியத் துண்டு தென்பட்டால் விழித்தெழுந்து பல மடங்காகப் பெருகும். விழிக்க வேண்டிய நேரத்தில் விழிக்கத் தவறினால் தொற்றும் புற்றுநோயும் வளரும். காரணமின்றி விழித்தால், சொந்த உடலையே தாக்கும் தன்னெதிர்ப்பு நோய்கள் தோன்றும்.

நீண்ட நாள் புதிர்

ஆய்வகங்களில் டி செல்களைத் தூண்ட ஆன்டிபாடிகள் பயன்படுத்தப்படுகின்றன. ஒரு பரப்பின் மீது பதித்து வைத்த ஆன்டிபாடிகள் டி செல்களை நன்கு தூண்டுகின்றன. அதே ஆன்டிபாடிகள் திரவத்தில் மிதக்கும்போது தூண்டுதல் குறைந்துவிடுகிறது. வேதியியல் ஒன்றே என்றால், விளைவு ஏன் மாறுகிறது?

கம்பத்தில் கட்டிய கயிற்றை இழுத்தால் கை அதன் இறுக்கத்தை உணரும். கட்டாத கயிறு இழுத்த பக்கமே வந்துவிடும். டி செல்லுக்கும் அத்தகைய பிடிமானம் தேவை என்று அறிவியலாளர்கள் கருதி வந்தனர். ஆனால் அந்த இழுவிசையை உணர்வதற்கென்றே அமைந்த புரதம் எது என்பது தெரியாமலிருந்தது.

பியெசோ1 என்னும் கதவு

அமெரிக்க ஆய்வாளர் ஆர்டெம் பட்டபூட்டியன் குழு 2010-இல் பியெசோ1 என்ற புரதத்தைக் கண்டறிந்தது. வெப்பம், தொடுதல் ஆகியவற்றை உணரும் ஏற்பிகளைக் கண்டறிந்ததற்காக 2021-இல் அவருக்கும் டேவிட் ஜூலியஸுக்கும் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது. செல்லின் சவ்வில் அமைந்துள்ள பியெசோ1, சவ்வு இழுபடும்போது கதவுபோலத் திறந்து கால்சியத்தை உள்ளே விடுகிறது.

டி செல்களில் இப்புரதத்தைக் குறைத்தபோது அவற்றின் விழிப்பு மந்தமானதை ஜாதவ்பூர் குழு கண்டது. மறுபுறம், பியெசோ1-ஐத் திறக்கும் வேதிப்பொருளைச் சேர்த்தபோது, மிதக்கும் ஆன்டிபாடிகளே போதுமானவையாயின. பரப்பில் பதிக்கும் தேவை எழவில்லை. உள்ளே பாயும் கால்சியம் கால்பைன் என்ற நொதியை இயக்குகிறது. அதன் வழியாகச் சவ்வுக்கு அடியிலுள்ள ஆக்டின் புரதச் சட்டகம் ஒழுங்கமைந்து, ஏற்பியின் சமிக்ஞை வலுப்பெறுகிறது.

பயன் என்ன?

டி செல்களின் வேகத்தைக் கூட்டவோ குறைக்கவோ புதிய இலக்கு ஒன்று கிடைத்திருக்கிறது என்பதே இந்த ஆய்வின் முக்கியத்துவம். கோட்பாட்டளவில், தன்னெதிர்ப்பு நோய்களில் அதைத் தணிக்கலாம். புற்றுநோய்க்கு எதிரான சிகிச்சையில் தூண்டலாம்.

எனினும், ஆய்வகத்தில் மனித செல்களைக் கொண்டு பெறப்பட்ட இம்முடிவு உடனடி மருந்தாகிவிடாது. சிவப்பணுக்களிலும் இரத்தக் குழாய்களின் உட்சுவரிலும் பியெசோ1 இருக்கிறது. அதன் மரபணுவில் ஏற்படும் சில மாற்றங்கள், சிவப்பணுக்கள் நீரிழந்து சிதையும் பரம்பரை நோயை உண்டாக்குகின்றன. எனவே, டி செல்களை மட்டும் சென்றடையும் வழி கண்டறியப்பட்டாக வேண்டும்.

கங்குலிக்கு 2022-ஆம் ஆண்டுக்கான சாந்தி ஸ்வரூப் பட்நாகர் விருது மருத்துவ அறிவியல் பிரிவில் அறிவிக்கப்பட்டது. டி செல்கள் திசுக்களுக்குள் இடம்பெயர்ந்து செல்வதிலும் பியெசோ1-க்குப் பங்குண்டு என்பதை அவரது குழுவின் அடுத்தகட்ட ஆய்வு காட்டியுள்ளது.