கான்கிரீட் லெட்டர் பாக்ஸ்... கட்டும்போதே கவனிக்க வேண்டியவை!

‘இப்பல்லாம் யாருங்க லெட்டர் போடுறா?’ன்னு தோணலாம். ஆனா, ஆதார் கடிதம் இன்னைக்கும் சாதாரண தபால்லதான் வருது. கையெழுத்தும் கிடையாது, டிராக்கிங்கும் கிடையாது. கேட்டில் செருகிட்டுப் போனா, ஒரு மழைக்குத் தாங்காது.

காம்பவுண்ட் சுவரில் கான்கிரீட் பெட்டி வைக்கிறீங்களா? கொத்தனாரிடம் நாலு விஷயம் சொல்லிடுங்க. ஏ4 கவர் மடங்காமல் நுழைய, வாய் 28 செ.மீ. அகலமும் உள்ளே 35 செ.மீ. ஆழமும் வேணும். வாய்க்கு மேலே சின்னதா ஒரு சன்ஷேடு. அடிப்பகுதி சற்றே சரிவாக, தண்ணீர் வடிய ஒரு துளை. கட்டி முடிச்சதும் 7 நாளாவது தண்ணீர் ஊற்றணும். இல்லைன்னா வெடிப்பு விடும்.

பராமரிப்பு ரொம்ப ஈஸி. ஐப்பசி மழைக்கு முன்னாடி வெடிப்புகளை அடைச்சு, கதவுக் கீலுக்கு எண்ணெய் விடுங்க. குளவி கூடு கட்டியிருக்கான்னு பார்த்துட்டு கையை விடுங்க. முக்கியமா, வாரம் ஒருமுறையாவது திறந்து பாருங்க பாஸ்!