கீழப்பாவூருக்கு வந்து சேர வேண்டிய மாத்திரை

பாவூர்சத்திரத்தில் பஸ் ஏறினால் எந்தத் திசைக்கும் போகலாம். பக்கத்திலிருக்கும் கீழப்பாவூர்க்காரர்களுக்கும் அதுதான் வழி. வீட்டில் ஒருவருக்கு மனசு சரியில்லை என்றால் அந்தக் குடும்பம் எந்தப் பஸ்ஸில் ஏறும் என்பதற்கு இந்தப் பக்கத்தில் ஒரு பழைய வரிசை உண்டு. முதலில் உள்ளூரிலேயே திருநீறு, மந்திரித்த கயிறு. கேட்கவில்லையா, மேற்கே குற்றாலம். அருவிக்குத் தலையைக் கொடுத்து நின்றால் பித்தம் தெளியும் என்பது தலைமுறை நம்பிக்கை. அதற்கடுத்து தெற்கே பொட்டல்புதூர் பள்ளிவாசல், கிழக்கே தூத்துக்குடி மாவட்டத்துப் புளியம்பட்டி அந்தோணியார் கோயில். யார் எந்த மதம் என்ற கணக்கெல்லாம் அந்தப் பயணங்களில் கிடையாது. எல்லாம் பார்த்து முடித்து, நகையும் அடகுக்குப் போன பிறகுதான் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரி.

இந்த வரிசையைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை. 2002இல் பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்தைச் சேர்ந்த ரகுராமும் சக ஆய்வாளர்களும் வேலாயுதம்பாளையம்புதூரில் இருக்கும் முத்துசாமி கோயிலில் தங்கிச் சென்ற 31 நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். தங்கியது சராசரியாக ஆறு வாரம். மருந்து எதுவும் கொடுக்கப்படவில்லை. பேயோட்டும் சடங்கும் இல்லை. ஆனாலும் நோயின் அறிகுறிகள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தன. விரட்டாத, பயமுறுத்தாத, குடும்பத்தோடு இருக்கவிட்ட ஓர் இடம் அவர்களுக்குக் கிடைத்தது என்பதுதான் ஆய்வாளர்கள் சொன்ன விளக்கம். அந்தக் காலத்து ஆஸ்பத்திரிகள் கொடுக்கத் தவறியதும் அதைத்தான்.

ஆஸ்பத்திரி எங்கே இருந்தது என்பதையும் பார்க்க வேண்டும். சென்னையில் 1794இல் வாலன்டைன் கானலி என்ற கும்பெனி மருத்துவர் புரசைவாக்கத்தில் ஒரு காப்பகம் நடத்தினார். 1871இல் அது கீழ்ப்பாக்கத்துத் தோட்டத்துக்கு இடம்பெயர்ந்தது. அதற்குப் பிறகு நூறாண்டுக்கு மேல், தமிழ்நாட்டில் மனநோய்க்கு அரசு வைத்தியம் என்றாலே அந்த மதில்சுவர்தான். திருநெல்வேலியிலிருந்து இரவு முழுக்க ரயிலில் போய்ச் சேர வேண்டிய தூரம். கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தவர்கள் திரும்பிப் போய்க் கூட்டிவர முடியாமல் போனதில் ஆச்சரியம் என்ன? பின்னாளில் சினிமாக்காரர்கள் அந்தப் பேட்டையின் பெயரையே வசவாக்கிவிட்டார்கள். அந்தப் பாவம் தனிக் கணக்கு.

அந்த மதிலுக்குள்ளிருந்துதான் மாற்றமும் வந்தது. மங்களூரில் பிறந்த டாக்டர் எம். சாரதா மேனன், இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் என்று அறியப்படுபவர், 1961இல் கீழ்ப்பாக்கம் மருத்துவமனையின் கண்காணிப்பாளரானார். 1978இல் ஓய்வு பெறும்வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். குளோர்புரோமசின் போன்ற மாத்திரைகள் அப்போது புழக்கத்துக்கு வந்திருந்தன. மாத்திரை சாப்பிட்டவர்கள் தெளிந்தார்கள். அடுத்த சிக்கல் அங்கேதான் தொடங்கியது. தெளிந்தவர் எங்கே போவார்? வீடு கூப்பிடவில்லை, வேலை கொடுப்பாரில்லை. மாத்திரையை நிறுத்திவிட்டு ஆறு மாதத்தில் அதே வாசலில் வந்து நிற்பார். சுவருக்கு வெளியே ஏதாவது இருந்தால்தான் உள்ளே செய்யும் வைத்தியத்துக்கு அர்த்தம் உண்டு என்று அவருக்குப் புரிந்தது.

அதன் விளைவுதான் 1984இல் அவரும் டாக்டர் ஆர். தாராவும் இன்னும் சிலரும் சேர்ந்து தொடங்கிய மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) நோய் ஆராய்ச்சி நிறுவனம். சுருக்கமாக ஸ்கார்ஃப். ஓய்வு பெற்ற ஒரு டாக்டர் அறுபது வயதுக்கு மேல் தொடங்கிய காரியம், அவர் 2021 டிசம்பரில் 98 வயதில் மறையும்போது உலக சுகாதார நிறுவனத்தின் ஒத்துழைப்பு மையமாக வளர்ந்திருந்தது. சென்னை அண்ணா நகர் மேற்கில் கட்டடம், படுக்கைகள், தொழிற்பயிற்சிக் கூடம் எல்லாம் வந்தன. ஆனால் இப்படியொரு மையம் வளர்ந்திருக்கிறதா என்று தெரிந்துகொள்ள நான் படுக்கைகளை எண்ணமாட்டேன். நோயாளி போக வேண்டிய தூரம் எத்தனை மைல் குறைந்திருக்கிறது என்றுதான் கேட்பேன்.

தொடக்கத்தில் அவர்கள் செய்தது பெரும்பாலும் பின்தொடர்ந்து போகும் வேலை. 1981–82இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனைக்கு முதல் தடவையாக மனச்சிதைவோடு வந்த 90 பேரைப் பத்து, இருபது, இருபத்தைந்து ஆண்டுகள் விடாமல் போய்ப் பார்த்தார்கள். வீடு மாறினால் தேடிப் பிடித்தார்கள். மனச்சிதைவு வந்தால் வாழ்க்கை முடிந்தது என்ற நினைப்பை அந்த ஆய்வு உடைத்தது. கணிசமானவர்கள் வேலைக்குப் போனார்கள், கல்யாணம் செய்துகொண்டார்கள், பிள்ளை வளர்த்தார்கள். எல்லாருக்கும் அப்படி அமையவில்லை. சிலர் இளம் வயதிலேயே இறந்தும் போனார்கள். அதையும் மறைக்காமல் எழுதிவைத்தார்கள். சென்னை நகர்ப்புறத்தில் நடந்த இன்னொரு ஆய்வு, மனச்சிதைவு உள்ளவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் ஒருமுறைகூட வைத்தியம் பார்த்ததில்லை என்று காட்டியது. ஆஸ்பத்திரிகள் நிறைந்த சென்னையிலேயே அப்படி.

என்னை அதிகம் உலுக்கியது 2003இல் வந்த ஒரு சிறிய ஆய்வு. மனச்சிதைவு வந்ததால் கணவன் விட்டுப்போன பெண்களோடு தாராவும் குழுவினரும் உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள். பெரும்பாலானோருக்குச் சட்டப்படி விவாகரத்து ஆகவில்லை. ஜீவனாம்சம் கேட்கப் போனவர்கள் குறைவு. பலர் தாலியைக் கழற்றவில்லை. அவர் என்றைக்காவது வருவார் என்று நினைத்தார்கள். நோய் தந்த அவமானத்தைவிட வாழாவெட்டி என்ற பெயர்தான் அவர்களுக்குப் பெரிதாக வலித்தது. வயதான அப்பா அம்மாவின் கவலை வேறு: எங்களுக்குப் பிறகு இவளை யார் பார்ப்பார்கள்? கீழப்பாவூர் வட்டாரத்தில் எந்தத் தெருவில் கேட்டாலும் இதே கேள்வி காதில் விழும். இங்கே வீட்டுத் திண்ணையில் சுளகை மடியில் வைத்துப் பீடி சுற்றும் பெண்கள் ஏராளம். ஒருத்திக்கு நோய் தொடங்கினால் அது முதலில் தெரிவது கணக்கில்தான். நாலு கட்டு சுற்றியவள் ஒரு கட்டோடு நிற்பாள். இலை அப்படியே கிடக்கும். வீட்டார் அதைச் சோம்பேறித்தனம் என்பார்கள், பிறகு கொழுப்பு என்பார்கள், கடைசியில் கோட்டி பிடித்துவிட்டது என்பார்கள். இந்த மூன்று சொல்லுக்கும் நடுவில் இரண்டு மூன்று வருஷம் ஓடியிருக்கும். மனச்சிதைவில் வைத்தியம் தொடங்கத் தாமதமாகிற ஒவ்வொரு மாதமும் மீட்சியைக் கடினமாக்குகிறது.

பக்கத்தில் வைத்தியம் இல்லாததன் விலை ஏர்வாடியில் தெரிந்தது. 2001 ஆகஸ்ட் 6 விடியலில் ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் மொய்தீன் பாதுஷா மனநலக் காப்பகக் கொட்டகை தீப்பற்றியது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். ஒரே வாரத்தில் அங்கிருந்த காப்பகங்களை எல்லாம் அரசு மூடியது. உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. சங்கிலி போட்டவர்களை எல்லாரும் திட்டினார்கள். தன் பிள்ளையைத் தானே அங்கே கொண்டுபோய் விட்ட தகப்பனுக்கு, வீட்டுக்குப் பக்கத்தில் வேறு என்ன இருந்தது என்று கேட்டவர்கள் கொஞ்சம் பேர்தான்.

பக்கத்தில் ஏதாவது இருக்க வேண்டும் என்ற யோசனை அரசுக்கும் ஏற்கெனவே இருந்தது. தேசிய மனநலத் திட்டம் 1982இல் வந்தது. கர்நாடகத்து பெல்லாரியில் ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர்களுக்கே பயிற்சி கொடுத்து நடத்திப் பார்த்து, அதையே மாதிரியாக வைத்து மாவட்ட மனநலத் திட்டம் 1996இல் தொடங்கியது. தமிழ்நாட்டில் முதலில் திருச்சிக்குக் கிடைத்தது. பிறகு மெல்ல மெல்லப் பிற மாவட்டங்கள். 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானது. இந்தப் பக்கத்துக்காரர்கள் மாவட்ட மருத்துவமனைக்கு நெல்லைக்கு ஓட வேண்டாம், தென்காசி போதும். பாவூர்சத்திரத்திலிருந்து அரை மணி நேரத்துப் பயணம்.

இருந்தும் மாதாமாதம் அந்த அரை மணி நேரம்கூடச் சிலருக்கு அதிகம். நோயாளி பஸ் ஏற மறுப்பார். கூடப் போகிறவருக்கு அன்றைய கூலி போகும். ஸ்கார்ஃப் இதற்கு ஒரு வழி கண்டது. 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு நாகப்பட்டினம் பக்கத்து மக்களுக்காக டெலிபோன் கம்பி வழியே டாக்டர் முகம் பார்த்துப் பேசும் முறையைத் தொடங்கியிருந்தார்கள். 2010இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அதைச் சக்கரத்தில் ஏற்றினார்கள். ஒரு பஸ், உள்ளே ஒரு அறை, திரை, பக்கத்திலேயே மருந்துக் கவுன்டர். பஸ் ஊருக்குள் வந்து நிற்கும். நோயாளி ஏறி உட்கார்ந்தால் திரையில் டாக்டர் பேசுவார். சீட்டு அங்கிருந்து வரும், மாத்திரையை அதே பஸ்ஸில் இலவசமாக வாங்கிக்கொண்டு இறங்கலாம். முன்கூட்டியே வீடு வீடாகப் போய் யாருக்கு என்ன என்று பார்த்து வைப்பது உள்ளூர்ப் பிள்ளைகள். பஸ்ஸைவிட அவர்கள்தான் முக்கியம் என்பது என் எண்ணம்.

அந்த எண்ணத்துக்கு ஆதாரமும் இருக்கிறது. காஞ்சிபுரம் மாவட்டக் கிராமங்கள், கோவா, மகாராஷ்டிரத்து சாத்தாரா என மூன்று இடங்களில் 282 மனச்சிதைவு நோயாளிகளிடம் நடந்த சோதனையின் முடிவு 2014இல் லான்செட் இதழில் வந்தது. ஒரு பிரிவுக்கு வழக்கமான ஆஸ்பத்திரி வைத்தியம் மட்டும். இன்னொரு பிரிவுக்கு அதோடு, பத்தாவது படித்துப் பயிற்சி பெற்ற ஊர்ப் பணியாளர் வீட்டுக்கே வந்து பேசுவார், மாத்திரையை நினைவூட்டுவார், வேலைக்கு வழி பார்ப்பார். ஓராண்டு முடிவில் இரண்டாம் பிரிவு ஓரளவு மேலாக இருந்தது. அற்புதம் ஒன்றும் இல்லை, செலவும் கூடியது. ஆனால் டாக்டர் கிடைக்காத கிராமப்புறத்தில் இது நன்றாகப் பயன்படும் என்று ஆய்வாளர்கள் முடித்தார்கள். லட்சம் பேருக்கு ஒரு மனநல டாக்டர்கூட இல்லாத நாட்டில் இதைப் பிடித்துக்கொள்ளாமல் எதைப் பிடிப்பது?

தொண்டு நிறுவனத்தின் எல்லையும் இங்கே தெரிகிறது. அதன் பஸ் ஒரு மாவட்டத்தில் சில தாலுகாவைச் சுற்றும். அதற்கும் யாராவது நன்கொடை தர வேண்டும். எல்லா ஒன்றியத்துக்கும் ஓட அதனால் முடியாது. அது செய்யக்கூடியது வழியைக் காட்டுவதும் சட்டத்தை அசைப்பதும். மனநோயை ஊனமாக மாற்றுத்திறனாளிகளுக்கான 1995 சட்டம் ஏற்றுக்கொண்ட பிறகு, அதை எப்படி அளப்பது என்ற குழப்பம் வந்தது. அதற்கான அளவுகோலை உருவாக்கியதில் தாராவுக்குப் பங்குண்டு. 2002இல் மத்திய அரசு அதை ஏற்றது. நாற்பது சதவீதமோ அதற்கு மேலோ பாதிப்பு இருந்தால் சான்றிதழ் கிடைக்கும். இந்தச் சான்றிதழ் இருப்பதே தெரியாமல் பல குடும்பங்கள் இருக்கின்றன. தென்காசியிலும்தான்.

2021இல் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியபோது சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வீடு தேடி வந்தது. அதே பையில் மனநல மாத்திரையும் வரவேண்டும் என்பேன். மாதம் ஒருமுறை போடும் ஊசியும் உண்டு. கிராம செவிலியர் போடலாம். இதற்கு விஞ்ஞானம் புதிதாக எதுவும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. மனசு கனத்து யாரிடமாவது பேச வேண்டும் என்றால் 14416க்கு இலவசமாக எந்த நேரமும் அழைக்கலாம், தமிழில் பேசுவார்கள். ஆனால் போன் மாத்திரை தராது.

2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 18ஆவது பிரிவு, அத்தியாவசியப் பட்டியலில் உள்ள மருந்துகளை எல்லா நேரமும் இலவசமாகத் தர வேண்டும் என்கிறது; அதற்கான இடம் ‘சமுதாய சுகாதார மையம் தொடங்கி அதற்கு மேல்’. நம்மூர்க் கணக்கில் ஒன்றியத்துக்கு ஒன்றாக இருக்கும் பெரிய ஆரம்ப சுகாதார நிலையம். மாவட்டத்தில் அடிப்படை மனநலச் சேவை கிடைக்கவில்லை என்றால், அதே மாவட்டத்தில் வேறு இடத்தில் பார்த்த செலவை அரசு ஏற்க வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. கீழப்பாவூர் ஒன்றியத்துக்காரர் மருந்துக் கவுன்டரில் நின்று இதைக் கேட்கலாம். இல்லை என்று சொன்னால் எழுதிக் கொடுக்கச் சொல்லலாம்.